மலையகத்தில் நடைப்பயிற்சி தொடங்குமுன்: இதயச் சோதனையிலிருந்து முதல் எட்டு வாரம் வரை

மேசை வேலை செய்கிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மாற்றலாகி வந்து ஹட்டன் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மத்தியானத்துக்குப் பிறகு மூளை ஓட மறுக்கிறது, படித்த பக்கத்தையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது, நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று இரண்டு குறையையும் சேர்த்தே சொல்லும் ஆட்களை இங்கே நிறையப் பார்க்கலாம். நானும் அதில் ஒருத்தன்தான். ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே மேற்படிப்புப் பரீட்சைக்கும் தயாரான காலத்தில், இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று தெரிந்துகொள்ளவே எனக்கு நாளானது. அதற்குப் பிறகு எங்கே போவது, எதைக் கொண்டுபோவது, எந்தச் சோதனையைக் கேட்பது என்று ஒழுங்காகச் சொல்ல ஆளில்லாமல் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் டொக்டர் சொல்வதும் நான் எழுதியிருப்பதும் வேறுபட்டால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. மூளைக்காக ஏன் இதயத்தைப் பார்க்க வேண்டும்?

மூளையின் எடை உடம்பின் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஒட்சிசனில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அதற்குச் சேமிப்பு எதுவும் கிடையாது. இரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். அனுப்புவது இதயம். வழியில் இருக்கும் குழாய்கள் விரிந்து கொடுக்க வேண்டும், இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் போதிய அளவு இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது சரியில்லாவிட்டாலும் ஆளுக்குச் சோர்வு வரும். அதை நாம் “படிப்பில் கவனமில்லை” என்று சொல்லிவிடுகிறோம்.

ஓய்வில் இருக்கும் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லீட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. ஒரு துடிப்புக்கு 70 மில்லிலீட்டர் என்றால் நிமிடத்துக்கு 72 தடவை துடிக்க வேண்டும். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் இதயம் ஒரு துடிப்பிலேயே கூடுதலாக அனுப்பப் பழகும். 90 மில்லிலீட்டர் என்றால் 56 துடிப்பே போதும். நிமிடத்துக்கு 16 துடிப்பு மிச்சம், ஒரு நாளைக்கு 23,040. எல்லோருக்கும் இவ்வளவு இறங்காது. விஷயம் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டத்தான் இந்தக் கணக்கு.

மூளைப் பக்கம் அதிகம் பேசப்படும் ஆய்வு ஒன்று 2011இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 55 முதல் 80 வயது வரையான 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஒரு வருடம், கிழமைக்கு மூன்று நாள், 40 நிமிடம் வரை நடந்தது. மற்றது உடம்பை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தது. நடந்தவர்களின் மூளையில் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. இதைச் சொல்கிறவர்கள் அடுத்த வரியைச் சொல்வதில்லை: நினைவுப் பரிசோதனையில் இரண்டு குழுவுமே முன்னேறின. ஆகவே நடந்தால் பரீட்சையில் இத்தனை புள்ளி கூடும் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் நம்ப வேண்டாம். நடை உதவும், நடந்து முடிந்த கையோடு சில மணி நேரம் கவனம் கூர்மையாகவும் இருக்கும். ஆனால் படிக்காமல் நடந்தால் ஒன்றும் வராது.

2. “நாங்கள் நாள் முழுக்க மலை ஏறுகிறோம்தானே?”

மலையகத்தில் முதலில் வரும் பேச்சு இதுதான். பாதி உண்மை.

வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறி, பஸ் பிடித்து, நாள் முழுக்க உட்கார்ந்து, மறுபடி இறங்கி வருகிறவருக்கு அந்த ஏற்றம் பத்து நிமிடம் இருக்குமா? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்குக் கேட்பது, கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. அதோடு கிழமைக்கு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். உங்கள் பத்து நிமிடத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அது மட்டும் போதாது.

கொழுந்து பறிக்கிற பெண்களின் கதை வேறு. முதுகில் கூடை, சரிவில் நிலை, எட்டு மணி நேரம். இப்படி நீண்ட நேரம் சுமையோடு, இடையில் ஓய்வில்லாமல் செய்யும் வேலை, ஓய்வு நேரத்தில் விரும்பி நடக்கும் நடை தரும் அளவு நன்மையை இதயத்துக்குத் தருவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாள் முழுக்கப் பிரஷர் உயர்ந்தே நிற்பதும், உடம்பு தேற நேரம் கிடைக்காததும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். மலைக்குப் போய் வந்த அம்மாவை மாலையில் இன்னொரு நடைக்கு இழுக்காதீர்கள். அவருக்கு முதலில் தேவை பிரஷர் சோதனையும் இரத்தச் சோதனையும் ஓய்வும்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சொல். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அதே அளவில் குறையும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஏழில் ஒரு பங்கு என்று வையுங்கள். முதல் சில நாள் மூச்சு வாங்குவதும் துடிப்பு கூடுவதும் இயல்பு. இரண்டு மூன்று கிழமை கழித்தும் அப்படியே இருந்தால் அதை உயரத்தின் தலையில் கட்டிவிடாமல் சோதித்துப் பாருங்கள்.

3. எங்கே போவது?

நெஞ்சுவலி, மயக்கம், நடக்கும்போது தலைசுற்றல் எதுவும் இல்லாமல், வெறும் பரிசோதனைக்காகப் போகிறவர் நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போவதுதான் முதல் பொறி. அங்கே கூட்டத்தில் நாள் போகும், கடைசியில் “உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று அனுப்பிவிடவும் கூடும்.

சரியான வாசல், ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம். ஊழியர்கள் சுருக்கமாக எச்.எல்.சி. என்பார்கள். சுகாதார அமைச்சு 2011 முதல் இவற்றைப் பிரதேச வைத்தியசாலைகளிலும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்களிலும் நடத்துகிறது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரஷர், உயரம், நிறை, இடுப்பளவு, இரத்தத்தில் சீனி ஆகியவற்றைப் பார்த்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு நிற அட்டவணையில் குறித்துச் சொல்வார்கள். பச்சை நல்லது, சிவப்புப் பக்கம் போகப் போகக் கவனம் தேவை. வயது 35 ஆகாவிட்டாலும் புகைப்பழக்கம், உடல் பருமன், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு என்று ஏதாவது இருந்தால் சொல்லிக் கேளுங்கள்.

எந்த நாளில் நடக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் கிழமைக்கு ஒரு நாள்தான். உங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) காரியாலயத்துக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். தோட்டத்தில் இருக்கிறவர்கள் தோட்ட மருந்தகத்தில் இருக்கும் மருத்துவ உதவியாளரிடமோ, வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேட்கலாம். அவர்களிடம் இந்தத் தகவல் பெரும்பாலும் இருக்கும்.

அறிகுறி இருப்பவர்கள் இந்த வாசலில் நிற்க வேண்டாம், வெளிநோயாளர் பிரிவுக்கே போங்கள். அங்கிருந்து தேவைக்கேற்பக் கடிதத்தோடு மேலே அனுப்புவார்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளை, கண்டி என்று அந்தப் பாதை போகும். அந்தக் கடிதம் இல்லாமல் நேரே கண்டிக்குப் பஸ் ஏறுவது பெரும்பாலும் வீண்செலவு.

4. பையில் என்ன இருக்க வேண்டும்?

தேசிய அடையாள அட்டை. பழைய கிளினிக் கொப்பிகள், எவ்வளவு கிழிந்திருந்தாலும். இப்போது குடிக்கும் மருந்துகள், அட்டையோடு. “வெள்ளை நிறக் குட்டிக் குளிசை” என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்கு எந்த வயதில் இதய நோய், பாரிசவாதம், சீனி வருத்தம் வந்தது என்று எழுதிய ஒரு துண்டு. பேனை. தண்ணீர்ப் போத்தல். இரத்தம் எடுத்த பிறகு சாப்பிட ரொட்டியும் சம்பலும்.

பழைய ஈ.சி.ஜி. தாள் இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் பெறுமதியானது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் எப்போது வந்தது என்று டொக்டருக்குத் தெரியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஈ.சி.ஜி. அச்சாகும் தாள் பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் வகை. அடுப்புப் பக்கத்து ராக்கையில் வைத்தால் கறுத்துப்போகும், சும்மா வைத்தாலே சில வருடத்தில் கோடு மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லெமினேட் பண்ணினால் அந்த நிமிடமே கறுப்புத் தாள்தான் மிச்சம். வாங்கிய அன்றே போட்டோ கொப்பி எடுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். எடுத்த திகதி படத்தில் தெரிய வேண்டும்.

மொழிப் பிரச்சினைக்கும் தயாராகப் போங்கள். எல்லா இடத்திலும் தமிழில் பேச ஆள் இருக்க மாட்டார்கள். உங்கள் குறையை இரண்டு வரியில் சிங்களத்தில் யாரையாவது கொண்டு எழுதி வைத்துக்கொண்டால் வரிசையில் தடுமாற வேண்டியதில்லை.

5. சோதனை நாள்

வெறும் வயிறு என்றால் 8 முதல் 12 மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது. பிளேன்டீயும் கூடாது, சீனி போடாததும்தான். மலையகத்துக்காரருக்கு இதுதான் இந்தக் கட்டுரையிலேயே கஷ்டமான வரி என்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் கை தானாகவே கேத்தலுக்குப் போகும். முதல் நாள் இரவு எட்டரைக்குள் சாப்பாட்டை முடித்து, தேயிலை டப்பாவை வேறு யாரையாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எந்தச் சோதனைக்கு வெறும் வயிறு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்பதும் உங்கள் வேலைதான். எனக்கு ஓர் ஆய்வுகூடத்தில் யாரும் சொல்லவில்லை, போய் நின்ற பிறகு “சாப்பிட்டீர்களா, அப்படியென்றால் நாளைக்கு வாருங்கள்” என்றார்கள்.

முதல் பஸ்ஸில் போங்கள். நம்பர் துண்டு கொடுத்து முடிந்த பிறகு போனால் அந்த நாளே போய்விடும். தோட்டத்தில் பேர் போடும், அதாவது நாட்கூலி வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் உண்மையான செலவு, ஒரு நாள் பேர். அரைப்பேர் (அரைநாள் கூலி) தருவார்களா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

பிரஷர் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். நம் ஊர் வைத்தியசாலைகள் பாதி மேட்டில்தான் இருக்கின்றன. ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால் இரண்டும் தரையில் இருக்கட்டும், கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் கூடும், அளக்கும்போது பேசினாலும் கூடும். தேயிலை, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை எதுவும் அதற்கு முந்திய அரை மணியில் கூடாது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ஜனவரி விடியலில் எடுத்த அளவு கொஞ்சம் தூக்கலாகவே நிற்கும். 120/80க்குக் கீழ் என்றால் நல்லது. 140/90ஐத் தொட்டால் இன்னொரு நாளும் பார்க்கச் சொல்வார்கள். ஒரு நாள் அளவை வைத்துப் பயப்படவும் வேண்டாம், “அன்றைக்குக் குளிர்” என்று தள்ளிவிடவும் வேண்டாம்.

6. கேட்டு வாங்க வேண்டிய மூன்று

இரத்த எண்ணிக்கைச் சோதனை, அதாவது எப்.பி.சி. மலையகத்தில், முக்கியமாகப் பெண்களிடம், இரத்தச் சோகை நிறைய. மூச்சு வாங்குதல், படபடப்பு, மூளை மந்தம் மூன்றையும் அது ஒன்றே கொண்டுவரும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ், ஆணுக்கு 13க்குக் கீழ் என்றால் சோகை. மலைப்பகுதியில் ஹீமோகுளோபின் இயல்பிலேயே சற்றுக் கூடும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் உயரத்துக்கேற்ப இந்த எல்லையையும் கொஞ்சம் உயர்த்திப் பார்க்கச் சொல்கிறது. 12.1 என்று வந்தாலும் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சோகையோடு பயிற்சியைக் கூட்டினால் களைப்புத்தான் கூடும். இரும்புக் குளிசை தந்தால் அதைத் தேயிலையோடு குடிக்காதீர்கள். சாப்பாட்டோடும் வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். தேயிலையில் உள்ள டனின் இரும்பை உடம்பில் சேரவிடாது. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் ஊரில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வெறும் வயிற்றுச் சீனி. டெசிலீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் சரி, 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள்.

ஈ.சி.ஜி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. நன்றாக இருந்தால் இதயக் குழாயில் அடைப்பே இல்லை என்று அர்த்தமாகாது. ஓய்வில் போதுமான அளவு ஓடும் இரத்தம் ஏற்றத்தில் போதாமல் போகலாம். நடக்கும்போது மட்டும் நெஞ்சில் பாரம் வருகிறது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். ஓடும் பட்டியில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. எடுக்கும் சோதனைக்கு எழுதித் தருவார்கள். அதற்குப் போகும்போது வழுக்காத சப்பாத்து வேண்டும். சேலையோடு போன பெண்களுக்குப் பட்டியில் ஏறுவது பெரும்பாடு, சல்வார் அல்லது டிராக் பேண்ட் நல்லது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். பிரஷர் மருந்தை அன்று குடிப்பதா விடுவதா என்பதை எழுதித் தரும் டொக்டரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

7. செலவு

அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்கும் அங்கு செய்யும் சோதனைகளுக்கும் காசில்லை. காசு போவது பஸ், ஆட்டோ, சாப்பாடு, போட்டோ கொப்பி, இழக்கும் சம்பளம் ஆகியவற்றில். ஆய்வுகூடத்தில் இரசாயனம் முடிந்துவிட்டது, வெளியில் செய்து வாருங்கள் என்றால் அதுவும் சேரும்.

தனியாரில் விலையை இங்கே எழுதினால் அடுத்த மாதமே பழசாகிவிடும். கேட்கும் முறையை மட்டும் சொல்கிறேன். “டொக்டர் சார்ஜ் எவ்வளவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு, ஈ.சி.ஜி. தனியாகவா, ரிப்போட்டைக் காட்ட மறுபடி வந்தால் மறுபடி கட்ட வேண்டுமா என்று மூன்றையும் கேளுங்கள். முழு உடல் பெக்கேஜ் என்று விற்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை, மேலே சொன்ன மூன்றில் ஒன்று பல தடவை அதில் இருப்பதும் இல்லை.

வாங்க வேண்டிய ஒரே பொருள் அடி பிடிக்கும் சப்பாத்து. கைக்கடிகாரம், போன் அப், புரோட்டீன் பவுடர் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

8. பாதை தெரிவு

சமதரையில் தொடங்குங்கள். தோட்டத்து மைதானம், பாடசாலை மைதானம், நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு கிரகரி வாவிக் கரை. ஏற்றம் இரண்டாம் மாதத்துக்கு இருக்கட்டும்.

இறக்கம் சுலபம் என்று நினைக்காதீர்கள். இறங்கும்போது இதயத்துக்கு வேலை குறைவு, ஆனால் தொடைத் தசையும் முழங்காலும் உடம்பின் பாரத்தைப் பிடித்துப் பிடித்து இறக்குகின்றன. முதல் நாள் நீண்ட இறக்கம் இறங்கினால் ஒன்று இரண்டு நாள் கழித்துத்தான் வலி உச்சத்துக்கு வரும், கக்கூஸில் குந்தி எழும்ப முடியாது. அதோடு நடைப்பயிற்சியையே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தண்டவாளத்தில் நடக்க வேண்டாம். எல்லோரும் நடக்கிறார்கள்தான், வளைவிலும் மூடுபனியிலும் ரயில் வருவது தெரியாது. தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் போனால் குளவிக் கூடு எங்கே இருக்கிறது என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். விடியலிலும் அந்தியிலும் சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் தனியே போகாதீர்கள். வெளிச்சம் வந்த பிறகு, ஆறரை ஏழு மணிக்குப் போவது குளிருக்கும் நல்லது.

மழைக் காலத்தையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம், பதுளைப் பக்கம் டிசம்பரை ஒட்டி வடகீழ். மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல். மழை நாளுக்கு வீட்டுக்குள் செய்ய ஒரு பயிற்சி வேண்டும்: வாசல் படி ஒன்றில் ஏறி இறங்குவது, கதிரையில் உட்கார்ந்து எழும்புவது. விறகடுப்பு எரியும் நேரத்தில் லயத்து அறைக்குள் இதைச் செய்யாதீர்கள். மூச்சு கூடும்போது புகையும் கூடுதலாக உள்ளே போகும்.

9. முதல் எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம், நாளொன்றுக்கு 10 நிமிடம், கிழமைக்கு 5 நாள். மூன்றாம் நான்காம் வாரம் 15 நிமிடம். அடுத்த இரண்டு வாரம் 20. ஏழாம் எட்டாம் வாரம் 30. அப்போது 150 நிமிடம் வந்துவிடும். ஐந்தாம் வாரத்திலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி உட்காருங்கள், மூச்சு வாங்கி ஓய்ந்து இன்னொரு பத்து.

வேகத்துக்குச் சோதனை எளிது. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. எண் வேண்டும் என்பவர்கள் 220இலிருந்து வயதைக் கழியுங்கள், வருவதுதான் நிமிடத்துக்கு உச்சத் துடிப்பு. 40 வயதுக்காரருக்கு 180. மிதமான நடை என்பது அதில் சுமார் 64 முதல் 76 சதவீதம், அதாவது 115 முதல் 137 வரை. இது பொதுக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடிக் குறையும். அட்டெனொலோல், புரொப்ரனொலோல் போன்ற மருந்து குடிப்பவர்கள் இந்த எண்ணைத் தொடவே வேண்டாம். அந்த மருந்து துடிப்பை ஏற விடாது. எண்ணைப் பிடிக்க ஓடினால் ஆபத்து. அவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான்.

ஒரு கொப்பி போடுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழும்பு முன் மணிக்கட்டில் விரல் வைத்து 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்கி எழுதுங்கள். கிழமைக்கு ஒரு நாள், நடை முடிந்து நின்றவுடன் ஒரு தடவை, ஒரு நிமிடம் கழித்து ஒரு தடவை எண்ணுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மாதம் போகப் போகக் கூட வேண்டும். எப்போது பார்த்தாலும் 12 துடிப்புக்கும் குறைவாகவே இறங்குகிறது என்றால் கொப்பியை டொக்டரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் இருக்கும் நாளில் நடை இல்லை.

10. படிக்கிறவர்களுக்கு

படிக்க உட்காருவதற்கு முன் 20 நிமிடம் நடந்து, முகம் கழுவி, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் கழித்துப் புத்தகத்தை எடுங்கள். கடினமான பாடத்தை அந்த நேரத்துக்கு வையுங்கள். களைத்து விழும் அளவுக்கு ஓடிவிட்டு வந்தால் தூக்கம்தான் வரும். சாதாரண தரம், உயர்தரம் என்று வந்துவிட்டால் பிள்ளைகளின் விளையாட்டை முதலில் நிறுத்துவது நம் வீடுகளின் வழக்கம். டியூஷன் நேரத்தில் அரை மணியைக் குறைத்து மைதானத்துக்கு விடலாம் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் சண்டை வரும், தெரியும்.

முன்னேற்றத்தை அளக்க போனில் மூளை விளையாட்டு ஆடிப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. ஒரே விளையாட்டைத் தினமும் ஆடினால் நடக்காமலே புள்ளி கூடும், அது பழக்கம். அதைவிட, ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் போனைத் தொடாமல் படித்தீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். தூங்கிய நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். தூக்கம் குறைந்த கிழமையில் நடையும் உதவவில்லை என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

11. எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சின் நடுவில் இறுக்கம், பாரம். அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல். குளிர்ந்த வியர்வை. வழமைக்கு மாறான மூச்சுத்திணறல். மயக்கம். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் குமட்டலும் கடும் சோர்வும் மட்டும் வரலாம்.

அப்போது வீட்டில் எல்லோரும் சொல்வது “கேஸ்டிக், இஞ்சித் தண்ணி குடி”. மலையகத்தில் மாரடைப்பு வந்தவர்கள் தாமதமாக வந்து சேருவதற்கு இந்த ஒரு வார்த்தை நிறையக் காரணமாகிறது என்று நினைக்கிறேன். கேஸ்டிக்கா இல்லையா என்று ஈ.சி.ஜி. சொல்லட்டும். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, எந்த ரோட்டால் திரும்ப வேண்டும், பக்கத்தில் கோயிலா கடையா தொழிற்சாலையா, வாகனம் எதுவரை வரும் என்று சொல்ல வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் இன்றைக்கே ஒட்டுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் வாயில் வராது. ரோட்டு முனைக்கு டோர்ச்சோடு ஓர் ஆளை அனுப்புங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள்.

12. மறுபடி போவது

சோதனையில் ஏதாவது கூடக் குறைய இருந்தவர்கள் அவர்கள் கொடுத்த திகதிக்குப் போக வேண்டும். எல்லாம் சரி என்றவர்களும் மூன்று மாதம் கழித்துப் பிரஷரை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம், அதைத் தோட்ட மருந்தகத்திலேயே செய்யலாம். முழுச் சோதனையை மறுபடி எப்போது செய்வது என்று முதல் நாளே கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

போகும் நாளைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். போயா நாளில் கிளினிக் இருக்காது, அதற்கு அடுத்த நாள் இரண்டு நாள் கூட்டமும் சேர்ந்து நிற்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் பிந்திய கிழமையும் அப்படித்தான். பலகாரம் சாப்பிட்ட கையோடு சீனி பார்க்கப் போவதும் நல்லதில்லை. மாத நடுவில், மழை இல்லாத ஒரு புதன் அல்லது வியாழன் பார்த்து, முதல் பஸ்ஸுக்கு நில்லுங்கள்.